வாசகர் கேள்வி – பதில்: பார்ப்பவர்கள் ஏன் வாங்குவதில்லை?

கேள்வி: பெண்கள் சிலர் சேர்ந்து ஒடியல் மா, புழுக்கொடியல், காட்டுத்தேன், பனையோலைக் கடகம் ஆகியவற்றை இணையத்தளம் ஒன்றின் மூலம் விற்று வருகிறோம். நாளாந்தம் பலர் தளத்தைப் பார்க்கிறார்கள். வாங்குபவர்களோ மிகச் சிலர். வட்ஸ்அப்பில் விலை கேட்பவர்களும் கேட்டதோடு நின்றுவிடுகிறார்கள். முகப்பில் அசையும் படங்களெல்லாம் இருக்கின்றன. தளத்தை முழுவதுமாகப் புதிதாக வடிவமைத்தால் வாடிக்கையாளர்கள் கூடுவார்களா?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: புதிய வடிவமைப்புக்கு இப்போது பணம் செலவழிக்க வேண்டாம். ஆட்கள் தேடி வருகிறார்கள் என்றால், உங்கள் பொருளில் அவர்களுக்கு விருப்பம் இருக்கிறது. வந்த பின் எழும் ஐயங்களைத் தளம் தீர்க்கவில்லை என்பதுதான் குறை. விலையை வட்ஸ்அப்பில் கேட்க வேண்டியிருப்பதே அதற்குச் சான்று. ஒவ்வொரு பொருளின் படத்துக்கும் நேர் கீழே எடையும் விலையும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

முகப்பில் அசையும் படங்களை எடுத்துவிடுங்கள். உங்கள் தளத்தைப் பெரும்பாலானோர் கைபேசியில்தான் பார்ப்பார்கள். பக்கத்தின் முதன்மைப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். கைபேசிக் கமெராவில் எடுத்த படம் ஒன்றே 4, 5 மெகாபைட் இருக்கும். அதை வெப்பி (WebP) என்னும், இணையத்துக்கேற்ற சிறிய படக்கோப்பு வடிவுக்கு மாற்றி 200 கிலோபைட்டுக்குள் சுருக்கினாலும் பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. அலை குறைந்த ஊரில் இருந்து பார்ப்பவருக்கும் அப்போதுதான் தளம் திறக்கும்.

படங்களைச் சுருக்குவதோடு, அவற்றைப் புதிதாக எடுப்பதும் நல்லது. காலை வெளிச்சத்தில், விறாந்தையில் வெள்ளைத் துணி விரித்து எடுத்தாலே போதும். கடகத்தை வெறுமையாக வைத்து எடுத்தால் அது கையளவா, தலைச்சுமையளவா என்று ரொறன்ரோவில் இருப்பவருக்கு விளங்காது. அதற்குள் நாலு கொத்து அரிசியைக் கொட்டி ஒரு படமும், ஒருவர் இடுப்பில் அணைத்தபடி ஒரு படமும், பின்னலும் விளிம்புக்கட்டும் தெரியக் கிட்டத்தில் ஒரு படமும் எடுத்து, வாய் அகலத்தைச் சென்ரிமீற்றரில் எழுதுங்கள். தேனுக்கு எந்த மாதம் எடுத்தது என்பதையும், ஒடியல் மாவுக்கு இடித்த திகதியையும் குறிப்பிடுங்கள். ஊர்ப் பொருளை நம்பி வாங்க நினைப்பவர் முதலில் தேடுவது இவற்றைத்தான்.

அடுத்தது அனுப்பும் செலவு. இணையக் கடைகளில் கூடையில் இட்ட பொருளை ஏறக்குறைய 70 விழுக்காட்டினர் வாங்காமலே விட்டுப் போகிறார்கள் என்றும், கடைசியில் சேரும் மேலதிகச் செலவே அதற்கு முதன்மையான காரணம் என்றும் டென்மார்க்கைச் சேர்ந்த பேமார்ட் நிறுவனம் தன் ஆய்வுகளில் கூறுகிறது. ஆகவே உள்ளூருக்கு எவ்வளவு, கொழும்புக்கு எவ்வளவு, எந்தெந்த நாடுகளுக்கு அனுப்புவீர்கள், எத்தனை நாள் எடுக்கும் என்பதைப் பொருளின் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

முகவரிப் படிவத்தையும் ஒருமுறை நிரப்பிப் பாருங்கள். வெளிநாட்டுக்காரருக்கென ஆயத்தமாகக் கிடைக்கும் படிவங்கள் மாநிலத்தைக் கட்டாயமாகக் கேட்கும். நம் ஊரில் அதற்கு எதை எழுதுவது? லண்டனில் இருக்கும் மகன் ஒட்டுசுட்டானில் இருக்கும் தாய்க்கு வாங்கிக் கொடுக்க நினைத்தால், பணம் செலுத்துபவருக்கும் பெறுபவருக்கும் தனித்தனி இடம் வேண்டும். பெறுபவரின் தொலைபேசி எண்ணும், கோயிலடி, சந்தி போன்ற அடையாளமும் எழுத இடம் வேண்டும். கூட்டல் குறியுடன் தொடங்கும் வெளிநாட்டு எண்களைப் படிவம் பிழையென்று தள்ளினால், அந்த வாடிக்கையாளரை நீங்கள் இழந்துவிட்டீர்கள். கணக்குத் திறக்கச் சொல்லியும் வற்புறுத்தாதீர்கள்.

“இன்னும் இரண்டே உள்ளன” என்று பொய்யாக அவசரப்படுத்தும் உத்தியைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அதைச் செய்யவே வேண்டாம். அதற்குப் பதிலாக, நீங்கள் எல்லோரும் வேலை செய்யும் இடத்தின் படத்தையும் தொடர்பு எண்ணையும் போடுங்கள். இவற்றைச் செய்த பின், தளத்தைப் பார்த்தறியாத ஐந்து பேரிடம் கைபேசியைக் கொடுத்து ஒரு கடகம் வாங்கச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்காமல், அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான குறைகளைக் கண்டுபிடிக்க ஐந்து பேர் போதும் என்பது பயன்பாட்டியல் அறிஞர் ஜேக்கப் நீல்சனின் கணிப்பு.

கேள்வி: எங்கள் தளத்தில் மொட்டைக்கறுப்பன் அரிசி பற்றித் தமிழிலேயே விரிவாக எழுதியிருக்கிறோம். ஆனால் கூகுளில் தேடினால் எங்கள் தளம் வருவதே இல்லை. ஏன்?
– வாசகர், மாங்குளம்

பதில்: உங்கள் எழுத்து, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் கொடுத்துக் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில் இருக்கக்கூடும். தளத்தில் இருந்து ஒரு வரியைப் படியெடுத்துக் கைபேசிச் செய்தியில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து வந்தால், கூகுளுக்கும் அப்படித்தான் தெரியும். எல்லாக் கருவிகளும் தமிழாகவே அறியும் பொது முறையான ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பின் கொம்பும் காலும் இடம் மாறாமல் இருக்கின்றனவா என்று ஒருமுறை வாசித்துத் திருத்திவிடுங்கள். விளம்பரப் படத்துக்குள் எழுதிய சொற்களையும் நம்பியிருக்க வேண்டாம். அவற்றைப் பக்கத்தில் எழுத்தாகவும் தாருங்கள். புலம்பெயர்ந்த பிள்ளைகள் பலர் அரிசியின் பெயரை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுவதால், தலைப்பில் தமிழ்ப் பெயரை அடுத்து அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.