கீமோவுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. கருமுட்டையை எடுத்துவைக்க நேரம் போதுமா?

29 வயதுத் தங்கைக்கு மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது, இன்னும் திருமணம் ஆகவில்லை, அடுத்த மாதவிடாய் வரும்வரை காத்திருந்தால் கீமோ தள்ளிப்போகுமே என்று கேட்டிருக்கிறீர்கள். காத்திருக்கத் தேவையில்லை. இந்த வாரமே கருத்தரிப்பு மருத்துவரைப் பார்த்துவிட்டால் நேரம் போதும்.

மாதவிடாய்ச் சுழற்சியின் எந்த நாளிலும் முட்டைகளை வளர்க்கும் ஊசியைத் தொடங்கலாம். பத்து முதல் பதினான்கு நாள் தினமும் ஹார்மோன் ஊசி, இடையிடையே ஸ்கேன், ரத்தப் பரிசோதனை. அந்த ஊசியால் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறினால் புற்றுநோய் தூண்டப்படுமோ என்ற பயம் நியாயமானது. அதற்காகத்தான் கூடவே லெட்ரோசோல் மாத்திரை, வழக்கமாக நாளுக்கு 5 மில்லிகிராம், தருகிறார்கள். அது ஈஸ்ட்ரோஜனை இயல்பான சுழற்சியின் அளவை ஒட்டியே வைத்திருக்கும். முட்டை எடுத்த பிறகும் அளவு இறங்கும்வரை மாத்திரையை நிறுத்தக் கூடாது.

அதிகம் தவறுவது கடைசி ஊசியில். முட்டையை முதிரவைக்கும் அந்த ஊசியைப் போட்டு ஏறக்குறைய 36 மணி நேரத்தில் முட்டையை எடுக்க வேண்டும். ஊசி தாமதமானால் முட்டை முதிர்ந்திருக்காது. எடுப்பது தாமதமானால் முட்டைப் பை வெடித்து முட்டை வெளியேறிவிடும். அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊசிக்கு எச்சிஜி (hCG) என்ற ஹார்மோனுக்குப் பதில் லூப்ரோலைடு போன்ற மருந்தைத் தரச் சொல்லிக் கேளுங்கள். சினைப்பை வீங்கி வயிற்றில் நீர் கோப்பது அதில் வெகு குறைவு. அந்த வீக்கம் வந்தால் கீமோ தள்ளிப்போகும், நமக்கு அதுதான் ஆகாது.

மயக்கம் கொடுத்து, பிறப்புறுப்பு வழியாக மெல்லிய ஊசியால் முட்டைகளை உறிஞ்சி எடுப்பார்கள். முதிர்ந்தவை மட்டும் மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜனில் உறைய வைக்கப்படும். மார்பக, சினைப்பைப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் பிராக்கா (BRCA) மரபணு மாற்றம் இருந்தாலும் முட்டையை எடுத்துவைக்கலாம். பின்னாளில் கருவாக்கும்போது, மாற்றம் இல்லாத கருவைத் தேர்ந்தெடுக்க வழி உண்டு.

முதல் கீமோ ஏறிய பிறகு இதைச் செய்ய முடியாது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். சைக்ளோபாஸ்ஃபமைடு என்ற கீமோ மருந்து உறங்கும் முட்டைகளையும் அழிக்கும். கீமோ முடிந்து மாதவிடாய் திரும்பிவிட்டது, எல்லாம் சரி என்று பலர் நினைக்கிறார்கள். மாதவிடாய் வந்தாலும் முட்டை இருப்பு வெகுவாகக் குறைந்திருக்கலாம்.

கீமோவின்போது சினைப்பையை உறங்கவைக்கும் கோசரெலின் ஊசியும் உண்டு: 3.6 மில்லிகிராம், 28 நாளுக்கு ஒருமுறை, முதல் கீமோவுக்கு ஒரு வாரமாவது முன்பே தொடங்க வேண்டும். இது துணைக்குத்தான், முட்டை உறைய வைப்பதற்கு மாற்று ஆகாது. இரண்டு வாரம்கூட இல்லாதவர்களுக்கு, லேப்ராஸ்கோப்பி (சிறு துளை அறுவை சிகிச்சை) மூலம் சினைப்பைத் திசுவை எடுத்து உறைய வைக்கும் முறை இருக்கிறது. அப்படித் திரும்பப் பொருத்திய திசுவிலிருந்து முதல் குழந்தை 2004இல் பெல்ஜியத்தில் பிறந்தது. பிராக்கா உள்ளவர்கள் மட்டும் இதில் யோசிக்க வேண்டும், அந்தத் திசுவுக்கே புற்றுநோய் அபாயம் உண்டு.

தங்கைக்கு ஹார்மோன் ஏற்பி பாசிட்டிவ், அதாவது ஹார்மோனால் வளரும் வகைப் புற்றுநோய் என்றால் ஐந்து முதல் பத்து வருடம் தமாக்ஸிஃபென் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை வரும். அதுவரை குழந்தைக்குக் காத்திருக்க வேண்டுமோ என்று பதற வேண்டாம். 18 முதல் 30 மாதம் மருந்து எடுத்தபின் இரண்டு வருடம்வரை நிறுத்திக் கருத்தரிக்க முயன்ற 500க்கும் மேற்பட்ட பெண்களை ஆராய்ந்த 'பாசிட்டிவ்' ஆய்வு 2023இல் வெளிவந்தது. சுமார் மூன்றரை வருடக் கண்காணிப்பில் நோய் திரும்புவது கூடவில்லை. புற்றுநோய் மருத்துவர் ஒப்புக்கொண்ட பிறகே நிறுத்த வேண்டும். தமாக்ஸிஃபென் கருவைப் பாதிக்கும் என்பதால் நிறுத்தி மூன்று மாதம் கழித்தே முயல வேண்டும்.