அண்ணன் கேட்கும் கையெழுத்து

அன்புள்ள ஐயா,

பெண்கள் வேலைக்குப் போகத் தொடங்கிய அளவுக்கு வீடுகள் மாறவில்லை என்று எழுதியிருந்தீர்கள். என் கதையைக் கேளுங்கள். எனக்கு 1987இல் கல்யாணம் ஆனது. அப்பா 2018இல் உயில் எழுதாமல் காலமானார். நாமக்கல் பக்கம் தாத்தா காலத்து நிலம் நான்கு ஏக்கர் இருக்கிறது. அப்பா சம்பாதித்துக் கட்டிய வீடும் உண்டு. இப்போது நிலத்தை மனை போடக் கேட்கிறார்கள். அண்ணன்கள் இருவரும் என் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். “89க்கு முன்னாடி கல்யாணம் ஆனவளுக்குப் பங்கு கிடையாது, நகை போட்டுத்தானே அனுப்பினோம்” என்கிறார் பெரிய அண்ணன். அவரோடு இருக்கும் அம்மா, “பிறந்த வீட்டுப் போக்குவரத்தைக் கெடுத்துக்காதே” என்று அழுகிறார். சென்னையில் வேலை பார்க்கும் என் மகளோ போடவே கூடாது என்கிறாள். பங்கு கேட்டால் நான் பேராசைக்காரியா?

ஒரு வாசகி, ஈரோடு

அன்புள்ள சகோதரிக்கு,

இல்லை. பங்கு இல்லாதவளின் கையெழுத்து அவர்களுக்கு எதற்கு?

அண்ணன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு 1989இல் வந்த தமிழ்நாட்டுத் திருத்தம் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை கொடுத்தது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன் மணமானவர்களை விட்டுவிட்டது. 2005 செப்டம்பர் 9 முதல் நடப்புக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தத்தில் அந்தத் தடை இல்லை. மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறைப்படி பாகப்பிரிவினையோ விற்பனையோ நடந்திருந்தால்தான் சிக்கல். அப்படி எதுவும் இல்லையென்றால் நிலத்தில் உங்கள் பங்கு அண்ணன்களின் பங்குக்குச் சமம். வீடு அப்பாவின் சுயசம்பாத்தியம். அதில் மகளுக்குச் சம பங்கு, அந்த வாரிசுரிமைச் சட்டம் வந்த 1956இலிருந்தே இருக்கிறது.

பெண்ணுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது 1929இல். அது இங்கே சட்டமாக அறுபது வருடம் ஆனது. அப்படி வந்த உரிமை, சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரே காலையில் கைமாறிப் போகிறது. எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். அண்ணன் கார் அனுப்புவார். வீட்டில் கறிச்சோறு தயாராகும். பத்திர எழுத்தர் விரல் வைத்துக் காட்டும் இடத்திலெல்லாம் தங்கச்சி கையெழுத்துப் போடுவாள், அப்புறம் போட்டோ, கைரேகை. “யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி முழு மனதுடன்” என்று பத்திரத்தில் இருக்கும். எந்த சர்வே எண், எத்தனை சென்ட் என்று அவள் படிக்க ஆரம்பித்தால், “அண்ணன்மேல நம்பிக்கை இல்லையா?” என்பார்கள்.

நகை போட்டது உண்மைதான். ஆனால் மகனின் படிப்புச் செலவையும் அவன் தொழிலுக்குப் போட்டுக் கொடுத்த முதலையும் எந்த வீட்டிலும் பங்கில் கழிப்பதில்லை.

அம்மாவைப் பெரிய அண்ணன் வைத்துப் பார்த்துக்கொள்கிறார் என்பதற்கு மட்டும் மதிப்பு கொடுப்பேன். அதற்காக உங்கள் பங்கில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க நினைத்தால் தாராளமாகச் செய்யுங்கள். (தினமும் அம்மாவுக்குச் சோறு போடுவதும் மருந்து எடுத்துக் கொடுப்பதும் பெரும்பாலும் அண்ணியாகத்தான் இருக்கும். அவரும் தன் பிறந்த வீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவராக இருக்கலாம்.)

பிறந்த வீடு போய்விடுமோ என்ற பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மகள் கல்யாணத்தில் தாய்மாமன் சீர் வராமல் போனால் ஊர் என்ன பேசும் என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் கையெழுத்துப் போட்டால்தான் நீடிக்கும் என்கிற பாசத்துக்காக, வயதான காலத்தில் உங்களுக்குத் துணையாக இருக்கக்கூடிய ஒரே சொத்தை விடாதீர்கள். மனசார விட்டுக்கொடுப்பது வேறு. அதற்கும் என்ன கொடுக்கிறோம் என்று முதலில் தெரிய வேண்டும்.

ஆகவே இப்போது எதிலும் கையெழுத்து வேண்டாம். வில்லங்கச் சான்றும் பட்டா நகலும் எடுத்து, அண்ணன்களுக்குப் பழக்கமில்லாத ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பங்குக்குப் பதில் பணம் என்று முடிவானால், அது உங்கள் சொந்த வங்கிக் கணக்கில் ஏறிய பிறகு பதிவுக்குப் போங்கள்.

இன்னொன்று. அந்த வீட்டில் அம்மாவுக்கும் நாலில் ஒரு பங்கு உண்டு, நிலத்திலும் அப்பா பங்கிலிருந்து ஒரு பகுதி வரும். அதை யாராவது அவரிடம் சொன்னார்களா, ஏற்கெனவே எதிலாவது கைநாட்டு வாங்கிவிட்டார்களா என்று தனியாக உட்கார்ந்து கேளுங்கள். வாங்கியிருந்தால் அந்தப் பத்திர நகலையும் வழக்கறிஞரிடம் கொடுங்கள்.