ஆலோசனைக் குழுவில் மாற்றுக் கருத்து: வன்னி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் அமையும் குழுக்களில் சபை உறுப்பினர்களோடு ஊரவர்களும் இடம்பெறலாம். அப்படி இடம்பெற்றவர்களிடமிருந்து வந்த கேள்விகள் இவை.

கேள்வி: குளத்தின் நீரேந்துப் பக்கத்தில் குப்பை கொட்ட இடம் ஒதுக்குமாறு எங்கள் குழு பரிந்துரைத்தது. நான் மறுத்துப் பேசியது கூட்டறிக்கையில் இல்லை. என்ன செய்யலாம்? (துணுக்காய்)

பதில்: அடுத்த கூட்டத்தில் அறிக்கையை உறுதிப்படுத்தும் வேளையில் திருத்தம் கோருங்கள், அந்த வேளையைத் தவறவிட்டால் பின்னர் திருத்துவது கடினம். வாயால் மட்டும் சொல்லாமல் மறுப்பை எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்கி வையுங்கள். "எனக்கு உடன்பாடில்லை" என்ற ஒரு வரி போதாது. "மாரியில் அந்த மேட்டு வெள்ளம் வாய்க்கால் வழியே குளத்துக்குள் இறங்குகிறது, அதே தண்ணீர்தான் கீழே வயலுக்குப் பாய்கிறது" என்று நீங்கள் கண்ணால் கண்டதை எழுதினால், அதற்கு யாராவது பதில் சொல்லியே ஆக வேண்டிவரும். ஆலோசனைக் குழு பரிந்துரைக்கிறது, முடிவெடுப்பது சபை; ஆகவே உங்கள் காரணம் பரிந்துரையோடு சேர்ந்து சபையின் மேசைக்குப் போக வேண்டும் என்பதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேள்வி: மாதர் சங்கத்திலிருந்து நான் ஒருத்திதான் போகிறேன். வயதில் மூத்த தலைவரை எதிர்த்துப் பேசுவது மரியாதைக் குறைவாகாதா? (பூநகரி)

பதில்: ஆகாது. "ஐயா, நீங்கள் சொன்னதை விளங்கிக்கொண்டேன், ஆனால் அந்த மதகைக் கட்டும் இடத்தில் எனக்கு உடன்பாடில்லை, காரணம் இது" என்று ஆளை விட்டு விடயத்தைப் பேசுங்கள். சங்கத்தில் ஏற்கெனவே பேசி எடுத்த கருத்தென்றால் அதையும் சொல்லுங்கள். தனிக் கருத்தென்றால் சங்கத்தின் பெயரை இழுக்க வேண்டாம். பேசி முடித்ததும் "இதை அறிக்கையில் பதியுங்கள்" என்று கேட்க மறக்காதீர்கள், பெண்கள் பேசியது பதியப்படாமல் போவதை நான் பல இடங்களில் கண்டிருக்கிறேன்.

கேள்வி: முகநூலில் எழுதலாமா? (வவுனியா)

பதில்: எழுதலாம், பேச்சுரிமை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையில் இருக்கிறது. ஆனால் உங்கள் சொந்தப் பெயரில், குழுவின் சார்பில் பேசுவதாகத் தோன்றாதபடி, பெரும்பான்மை வேறு விதமாகத் தீர்மானித்தது என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். உங்கள் காணியோ உறவினரின் ஒப்பந்தமோ சம்பந்தப்பட்டிருந்தால், குழுவிலும் வெளியிலும் அதை முதலில் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அறிக்கையின் பிரதியைத் தர மறுக்கிறார்கள்.

பதில்: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிரதேச சபைகளுக்கும் பொருந்தும். சபையின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை அவர் 14 வேலை நாட்களுக்குள் எடுக்க வேண்டும்.