மகள் ஃபேஸ்புக்கில் எழுதிவிட்டாள். எங்களிடம் ஏன் சொல்லவில்லை?

கேள்வி: என் மகளுக்கு 23 வயது. 12 வயதில் நெருங்கிய உறவுக்காரர் ஒருவர் தன்னிடம் தப்பாக நடந்துகொண்டதைப் போன மாதம் ஃபேஸ்புக்கில் எழுதிவிட்டாள். பெயர் போடவில்லை, ஆனாலும் சொந்தபந்தத்துக்குப் புரிந்துவிட்டது. 'சித்தி மகளுக்கு இப்போ 12 வயசு' என்று முடித்திருக்கிறாள். சின்னப் பிள்ளையில், சித்திரைத் திருவிழாவுக்கு ஆட்கள் வந்து தங்கினாலே வயிற்றுவலி என்று சுருண்டுகொள்வாள். மற்றபடி எதுவும் சொன்னதில்லை. பெற்றவளிடம் சொல்லாததை ஊருக்கு ஏன் சொன்னாள்? இது மனக்கோளாறா? அழிக்கச் சொல்லலாமா?
(ஒரு தாய், மேலூர்)

பதில்: அம்மா, முதலில் அந்த வயிற்றுவலியைப் பற்றிப் பேசுவோம். அவள் உங்களிடம் சொல்லாமல் இல்லை. நடந்ததைச் சொல்ல அந்த வயதில் வார்த்தை கிடையாது, வயிறுதான் சொல்லும். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வந்த சனம் வீடு முழுக்கப் பாய் விரித்துப் படுத்திருக்க, தன் பாய் யார் பக்கத்தில் விழுமோ என்ற பயத்தில் ஒரு குழந்தை சுருண்டு கிடந்திருக்கிறது. நீங்கள் ஓமத்தண்ணீர் கொடுத்திருப்பீர்கள். என்னிடம் கூட்டிவந்திருந்தால் நானும் பூச்சி மருந்து எழுதிக் கொடுத்திருப்பேனோ என்று நினைக்கும்போது மனசு கனக்கிறது.

எழுதியது மனக்கோளாறு இல்லை. என் அறைக்கு வரும் பெண்கள் இதைப் பேசத் தொடங்குமுன் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு என் முகத்தைப் பார்ப்பார்கள். என் புருவம் லேசாகச் சுருங்கினால் போதும், பேச்சு நின்றுவிடும். போனுக்கு முகம் கிடையாது. பாதியில் யாரும் குறுக்கிட மாட்டார்கள். எழுதி, அழித்து, மறுபடி எழுதலாம். எவ்வளவு சொல்வது, எங்கே நிறுத்துவது எல்லாம் அவள் கையில். அன்றைக்கு அவளிடமிருந்து பறிக்கப்பட்டது அந்த உரிமைதான்.

நேரில் சொன்னால் 'ஏன் கத்தல?' என்றுதான் முதலில் கேட்போம். பயம் உச்சத்துக்குப் போனால் உடம்பு கல்லாகிவிடும், தொண்டை திறக்காது. ஸ்டாக்ஹோமில் வன்புணர்வுக்குப் பின் சிகிச்சைக்கு வந்த 298 பெண்களிடம் கேட்டு 2017-ல் வெளியான ஆய்வில், 70 சதவீதம் பேர் அந்த நேரத்தில் அப்படி உறைந்துபோயிருந்தார்கள். இது தெரியாமல் தன்னையே பழித்துக்கொண்டிருக்கும் ஒருத்தி, இன்னொருத்தி 'எனக்கும் இப்படித்தான்' என்று எழுதியதைப் படிக்கும்போதுதான் மூச்சு விடுகிறாள்.

எழுதுவதே சிலருக்கு மருந்தாகும். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரின் 1986 ஆய்வில் கல்லூரி மாணவர்கள் நான்கு நாள், தினம் 15 நிமிடம் தங்கள் பெருந்துயரத்தை எழுதினார்கள். எழுதியவுடன் மனம் இன்னும் கலங்கியது. அடுத்த மாதங்களில் மருத்துவரிடம் போவது குறைந்தது. அதனால் மகள் இப்போது சோர்ந்திருந்தால் உடனே பயந்துவிடாதீர்கள்.

ஆனால் அவளை எழுத வைத்தது அந்தக் கடைசி வரிதான் என்று எனக்குப் படுகிறது. சித்தி மகளுக்கும் இப்போது அதே 12 வயது. இதில் ஊரைக் கூட்டும் ஆசை எங்கே இருக்கிறது?

அழிக்கச் சொல்லாதீர்கள். வைப்பதும் எடுப்பதும் அவள் இஷ்டம். கீழே வரும் கேவலமான பதில்களை மட்டும் அவளே தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டாம். அக்காவோ தோழியோ பார்த்து நீக்கட்டும். மற்றவர்கள் அவள் பெயரையோ படத்தையோ போட்டுப் பரப்பினால் அது குற்றம். தூக்கமின்மையும் கெட்ட கனவும் சில வாரம் தாண்டி நீடித்தால் மதுரை பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிவாருங்கள். சாவைப் பற்றிப் பேசினால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். அரசு மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரமும் போன் செய்யலாம், தமிழிலேயே பேசலாம்.

புகார் கொடுக்க நினைத்தாலும் வழி இருக்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் புகாருக்குக் காலவரம்பு இல்லை என்று மத்திய சட்ட அமைச்சகம் 2018-ல் தெளிவுபடுத்திவிட்டது. பெண்கள் உதவி எண் 181-ல் வழி கேளுங்கள். அவளை முன்னால் வைத்துப் பேசுங்கள். அந்தச் சின்னப் பெண்ணை அந்த ஆளோடு ஒரு நிமிடம்கூடத் தனியாக விடக் கூடாதென்று இன்றைக்கே உங்கள் தங்கையிடம் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்கும் ஏதாவது நடந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள்.

மகளிடம் விவரம் எதுவும் கேட்க வேண்டாம். 'நீ சொல்றத நம்புறேன்டா, அன்னைக்கு எனக்குப் புரியல' என்று சொல்லுங்கள். வரும் சித்திரைக்கு அந்த ஆள் நம் வீட்டு வாசலை மிதிக்க மாட்டான் என்பதையும் இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள்.