ஒழுங்கைக்குள் வரக்கூடிய வேகம்

அன்பின் அண்ணா,

நான் விசுவமடுவில் இருக்கிறேன். வேலை கிளிநொச்சியில். பதினொரு வருடமாக, எல்லோரும் ‘பீட்டில்’ என்று சொல்லும் பழைய ஸ்விஃப்டை ஓட்டுகிறேன். அதை விற்றுவிட்டு, ஓட்டும்போது மனம் துள்ளுகிற ஒரு காரை வாங்க வேண்டும். மூன்றைக் குறித்து வைத்திருக்கிறேன். 2018 ஹொண்டா சிவிக் ஒரு லீற்றர் டர்போ, 2012 சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் மனுவல் கியர், ஒரு பழைய சுபாரு டபிள்யூஆர்எக்ஸ். ஸ்விஃப்ட் ஸ்போர்ட் என் கையிலுள்ள பணத்துக்குள் வரும். சிவிக் என்றால் பெரும்பகுதி லீசிங் எடுக்க வேண்டும். சுவிஸில் இருக்கும் என் சொந்த அண்ணா கொஞ்சம் தருகிறேன் என்கிறார். ஆனால் “வாங்கினால் நாலு பேர் திரும்பிப் பார்க்கிறதை வாங்கு” என்பது அவருடைய நிபந்தனை. வீட்டில் மனைவி, ஐந்து வயது மகள், முழங்கால் வலியுள்ள அம்மா. எங்கள் வீட்டிலிருந்து பரந்தன் வீதிக்கு வர ஒன்றரைக் கிலோமீற்றர் கிரவல் ஒழுங்கை. இந்த மண்ணில் இருந்துகொண்டு இப்படி ஆசைப்படுவதே பிழையோ என்றும் சில இரவுகளில் நினைக்கிறேன்.

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்பின் தம்பிக்கு,

உங்கள் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்கிறேன். ஆசை பிழையில்லை. தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக் காலத்தில், என் அப்பா தன்னுடைய ஒஸ்டின் ஏ40 காரை மண்ணெண்ணெயில் ஓட்டினார். சிறு போத்தலில் பொக்கிஷம் போல் வைத்திருந்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு என்ஜினை எழுப்புவார். சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். புகையும் நெடியும் ஒழுங்கை முழுக்க நிற்கும். அப்படி இருந்தும் அந்தக் காரின் பொனற்றை அவர் ஞாயிறுதோறும் துணியால் துடைத்ததை நான் பார்த்திருக்கிறேன். போவதற்கு இடமில்லாத நாட்களிலும் துடைத்தார். இயந்திரத்தின் மீது அன்பு வைப்பது வன்னிக்குப் புதிதல்ல, தம்பி. நல்ல காரை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையை யாரிடமும் நியாயப்படுத்தவும் தேவையில்லை.

ஆனால் அந்தக் கார் உங்கள் வீட்டு வாசல் வரை வர வேண்டும். நீங்கள் மூன்று கார்களைப் பற்றிப் பல வசனங்கள் எழுதிவிட்டு, ஒழுங்கையைப் பற்றி ஒரே ஒரு வசனம் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வசனம்தான் முக்கியமாகப் பட்டது. ஏ9 வீதியையும் பரந்தன் – முல்லைத்தீவு வீதியையும் போருக்குப் பிறகு கார்ப்பெட் போட்டுத் தந்தார்கள். அதில் எந்தக் காரும் அழகாக ஓடும். ஒவ்வொரு நாளும் இரண்டு தடவை நீங்கள் கடக்கப்போவது அந்த ஒன்றரைக் கிலோமீற்றரை. ஐப்பசி பிறந்து மாரி மழை தொடங்கினால் கிரவல் கரைந்து நடுவில் மேடும் இருபக்கமும் பள்ளமுமாகக் கிடக்கும். உழவு இயந்திரம் போன தடத்தில் சில்லு இறங்கினால், நடுமேடு காரின் வயிற்றில் உரசும்.

நீங்கள் சொல்லும் 2012 ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டின் அடிப்பக்கம் தரையிலிருந்து ஏறத்தாழ 130 மில்லிமீற்றர் உயரம். அதற்கு அடுத்து வந்த டர்போ மாதிரிக்கு 120 தான். ஒரு சாணில் பாதியைச் சற்றே தாண்டும் அளவு. நான்கு பேர் ஏறி, டிக்கியில் அரிசி மூட்டையும் வைத்தால் அதுவும் இறங்கிவிடும். ஒரு தடியை 13 சென்ரிமீற்றருக்கு வெட்டி எடுத்துக்கொண்டு ஒரு பின்னேரம் ஒழுங்கையில் நடந்து பாருங்கள். வாய்க்கால் மதகு ஏறும் இடத்திலும், வாசல் படலையடியிலும், நடுமேட்டிலும் வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று இடங்களில்தான் இடிக்கும் என்றால் ஊரவர்களோடு சேர்ந்து ஒரு லோட் கிரவல் பறித்து நிரவிவிடலாம். முழு ஒழுங்கையுமே இடிக்கும் என்றால், அந்த வகைக் கார் எதுவும் இப்போதைக்கு வேண்டாம் என்று என்னால் தயக்கமின்றிச் சொல்ல முடியும்.

சுபாருவைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். அருமையான கார். நான்கு சில்லுக்கும் இழுவை உண்டு, சேற்றிலும் பிடிக்கும். ஆனால் படுத்த வாக்கில் இருக்கும் அந்த என்ஜினைத் திறந்து மூடத் தெரிந்த கைகளை நம் பக்கத்தில் தேடிப்பிடிப்பது கடினம். ஒவ்வொரு கோளாறுக்கும் கொழும்புக்குக் கயிறு கட்டி இழுக்க வேண்டிய காரை உங்கள் சம்பளத்தில் வைத்திருக்க முடியாது.

சிவிக் விடயத்தில் நின்று பேச வேண்டும், ஏனென்றால் உங்கள் மனம் அதில்தான் இருக்கிறது என்று கடிதத்தில் தெரிகிறது. அது இலங்கையில் இவ்வளவு பெருகியதற்குக் காரணம் வரி. ஆயிரம் சிசிக்குக் குறைந்த என்ஜின் என்றால் இறக்குமதி வரி குறைவு. அதனுடையது 988 சிசி. பெரிய காரின் தோற்றம், சிறிய என்ஜினின் வரி. மூன்று சிலிண்டர் டர்போ, 129 குதிரைவலு. ஓட்டவும் இனிமையானது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. இடையில் புதிதாக அதிகம் வராததால் பழைய வாகனங்களின் விலை ஏறியது. நீங்கள் பார்க்கும் விலையில் ஒரு பங்கு காருக்கு. மறு பங்கு அந்த ஐந்து வருட வெறுமைக்கு.

அந்த என்ஜினுக்குள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அதன் ரைமிங் பெல்ட் என்ஜின் எண்ணெய்க்குள்ளேயே நனைந்து ஓடுவது. சொல்லப்பட்ட தரத்தில் எண்ணெய் ஊற்றி, காலத்துக்கு மாற்றி வந்தால் நன்றாக இருக்கும். ஏதோ ஓர் எண்ணெயை ஊற்றி இழுத்தடித்தால் பெல்ட் ஊறி நைந்து, அதன் துகள்கள் எண்ணெய் உறிஞ்சும் வடியை அடைக்கும். எண்ணெய் அழுத்தம் விழுந்தால் என்ஜின் போனது. முதல் உரிமையாளர் எப்படிப் பராமரித்தார் என்பது கையெழுத்தும் திகதியும் உள்ள சேர்விஸ் பதிவாக இல்லாவிட்டால், அந்த சிவிக் எவ்வளவு மினுங்கினாலும் தொடாதீர்கள். பெற்றோலும் அப்படித்தான். டர்போ என்ஜினுக்கு 95 ஒக்ரேன் வேண்டும். சிறு நிரப்பு நிலையங்களில் பல நாட்களில் 92 மட்டும்தான் கிடைக்கும். 92ஐ ஊற்றினால் என்ஜின் தட்டாமல் இருக்க, அதன் கணினி தீப்பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளிவிடும். எந்தத் துள்ளலுக்காகப் பணம் கொடுத்தீர்களோ அந்தத் துள்ளல்தான் முதலில் போகும்.

லீசிங்கைப் பற்றி எழுதக் கை தயங்குகிறது. ஆனால் எழுதுகிறேன். வீதி திறந்ததும் வன்னிக்குள் பஸ் வந்தது, கடை வந்தது, லீசிங்காரரும் வந்தார்கள். 2012இல் நான் ஒரு வானை லீசிங்கில் எடுத்தேன். பெயரைச் சொல்ல மாட்டேன், ஒரு கம்பனி. ஒரு போகம் வெள்ளத்தில் போனது, மூன்று தவணை தவறியது. விடியற்காலையில் இரண்டு பேர் வந்து வானை எடுத்துப் போனார்கள். என் மகன் பாடசாலைச் சீருடையோடு படலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகம் எனக்கு இன்றும் மறக்கவில்லை. உங்கள் சம்பளம் நிரந்தரம் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் மகிழ்ச்சிக்காக வாங்கும் ஒரு பொருள் மாதத்தின் முதலாம் திகதியை நினைத்துப் பயப்பட வைக்கக் கூடாது. உழைப்புக்கு வாங்கும் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்துக்கு லீசிங் எடுங்கள், அது தன் கடனைத் தானே அடைக்கும். மனம் துள்ள வாங்கும் காருக்கு எடுக்காதீர்கள்.

ஆகவே என் தெரிவு ஸ்விஃப்ட் ஸ்போர்ட். 1.6 லீற்றர், டர்போ இல்லை, 136 குதிரைவலு, ஆறு கியர், எடை ஒரு தொன்னைச் சற்றுத் தாண்டும். ரைமிங் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி. நல்ல பெற்றோல் இதற்கும் வேண்டும்தான். ஆனால் டர்போவின் சூடும் அழுத்தமும் இல்லை. சுசுகியில் கை பழகாத மெக்கானிக் வன்னியில் அரிது. சிவிக்கை விட இருக்கை சற்று உயரம், அம்மா இறங்கி ஏறக் குனிந்து மடங்க வேண்டியதில்லை. டிக்கி சிறிது, அதைச் சகித்துக்கொள்ள வேண்டும். அதன் 17 அங்குல ரயர் விளிம்பு மெல்லியது, குழியில் விழுந்தால் ரிம் வளையும். பிரேக் கலிப்பருக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்து, 195/50 அளவு ரயரோடு 16 அங்குல ரிம்முக்கு மாறுங்கள். மொத்த உயரம் ஏறக்குறைய அதேதான், கிரவலைத் தாங்கும் ரப்பர் கூடும். கையிலுள்ள பணத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் காருக்குக் கொடுக்காமல் ஒதுக்கி வையுங்கள். ரயர், பிரேக், கிளட்ச், காப்புறுதி எல்லாம் முதல் வருடத்திலேயே கேட்கும்.

ஒதுக்கிய பணத்தில் பிரேக்கை முதலில் மாற்றுங்கள். அதற்குக் காரணம் உண்டு. நகருக்கு வெளியே நம் வீதியில் காருக்கு 70தான் எல்லை. அந்த 70 இல் பிடித்து நிறுத்த எவ்வளவு தூரம் வேண்டுமோ, 100 இல் அதைப்போல் இரண்டு மடங்கு வேண்டும். இரவில் மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில் வீதியின் சூட்டில் மாடுகள் படுத்திருக்கும். கறுப்பு மாட்டின் கண் மினுங்கிய பிறகுதான் தெரியும். ஒட்டுசுட்டான் பக்கம் என்றால் யானை. முழு வேகத்தையும் பார்க்க ஆசை என்றால் களுத்துறைக்குப் பக்கத்தில் கட்டுக்குருந்தவில் கார் ஓட்டப் போட்டிகள் நடக்கின்றன. நீண்ட பயணம்தான். ஆனாலும் ஒரு முறை போய்வாருங்கள். மகளையும் கூட்டிப்போங்கள்.

இனி, உங்கள் அண்ணா சொன்ன நாலு பேர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தறப்பாள் கொட்டிலிலிருந்து எழுந்த ஒரு குடும்பத்தின் வாசலில் நல்ல கார் நிற்பதைத் தூரத்திலிருந்தாவது பார்க்க நினைக்கிறார். அது பெருமிதம். அவரோடு வீடியோ அழைப்பில் பேசுங்கள், காரைக் காட்டுங்கள், ஓட்டிக் காட்டுங்கள். அவர் பணத்தை ரயருக்கும் பிரேக்குக்கும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று சைலன்சரை மட்டும் மாற்றாதீர்கள். இதைத்தான் உங்களிடம் கெஞ்சிக் கேட்பேன். அக்சிலரேற்றரிலிருந்து கால் எடுக்கும்போது படபடவென்று வெடிக்கும் அந்தச் சத்தம் இளைஞர்களுக்கு இன்று பிடித்திருக்கிறது. உங்கள் ஊர் எந்த ஊர் என்று நினைத்துப் பாருங்கள். 2009இல், போரின் கடைசி மாதங்களில், பரந்தன் வீதி வழியாக எத்தனை குடும்பங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிழக்கே போயின. அவர்களில் திரும்பி வந்தவர்கள்தான் உங்கள் ஒழுங்கையின் இருபக்கமும் இருக்கிறார்கள். இரவு பத்து மணிக்கு அந்தச் சத்தம் கேட்டால் பாயில் படுத்திருக்கும் ஒரு தாய் எழுந்து பிள்ளையை அணைப்பாள். என் மனைவி இன்றும் அப்படித்தான் எழுகிறாள். கம்பனி போட்ட சைலன்சரே அந்தக் காருக்கு நல்ல குரல்.

பார்க்கப் போகும்போது பதிவுப் புத்தகத்திலுள்ள என்ஜின் இலக்கத்தையும் சேசிஸ் இலக்கத்தையும் கண்ணால் ஒப்பிடுங்கள். பூரண உரிமையாளர் இடத்தில் நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால் கடன் இன்னும் முடியவில்லை என்று பொருள், அந்தப் பெயர் நீக்கப்படும் வரை ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். கீழே படுத்து அடித்தட்டைப் பாருங்கள், ஏற்கெனவே உரசிய காரா என்று தெரிந்துவிடும். பிறகு விற்பவரிடம் கேட்டு, முற்பணம் கொடுக்குமுன், மழை பெய்த மறுநாள் காரை உங்கள் வீட்டுக்கே கொண்டுவாருங்கள். அம்மாவைப் பின்னிருக்கையில் ஏற்றி மதகைத் தாண்டிப் பரந்தன் வீதி வரை போய்த் திரும்புங்கள். இறங்கும்போது அம்மா என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணா