அக்காவிடம் கேளுங்கள்: சபையை விட்டுப் போய்விடட்டுமா?

கேள்வி: அக்கா, எனக்கு 26 வயது. மூன்று தலைமுறையாக சி.எஸ்.ஐ. குடும்பம். சின்னப் பையனிலிருந்தே கொயரில் பாடுகிறேன், இப்போது டெனர். நான் கே, அதாவது ஆண்கள் மேல் ஈர்ப்புள்ளவன் என்பது கல்லூரியிலேயே தெரிந்துவிட்டது, சபையில் யாரிடமும் சொன்னதில்லை. போன மாதம் கன்வென்ஷனில் பேச வந்தவர் இதைப் பிசாசின் பிடி என்றார். சுற்றி எல்லோரும் ஆமென் சொல்ல, கொயர் வரிசையில் உட்கார்ந்திருந்த நானும் ஆமென் சொல்லித் தொலைத்தேன். வீட்டில் பெண் பார்க்கிறார்கள். விடுதலை ஜெபத்துக்குப் போனால் மாறுமா? இல்லை, சபையை விட்டே போய்விடட்டுமா? ஆண்டவரை விட்டுவிட எனக்கு மனசில்லை.
- பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை

பதில்: தம்பி, மாறுமா என்ற கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். மாறாது. இப்படி மாற்றுவதையே ஊழியமாக நடத்திய எக்ஸோடஸ் இன்டர்நேஷனல் என்ற அமெரிக்க அமைப்பு 1976-இல் தொடங்கி 2013-இல் இழுத்து மூடப்பட்டது. தங்களிடம் வந்தவர்களில் கிட்டத்தட்ட யாருக்குமே ஈர்ப்பு மாறவில்லை என்று அதன் தலைவரே ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டார். இங்கே 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் மருத்துவத்தால் இதை மாற்ற முயல்வதைத் தடை செய்தது, அடுத்த வருடம் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுக்கக்கேடு என்றது. டாக்டருக்கே கூடாது என்றான பிறகு எண்ணெய் பாட்டிலோடு வருகிறவரிடம் ஏன் தலையைக் கொடுக்கிறீர்கள்?

கல்யாணத்துக்குச் சம்மதிக்காதீர்கள். எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிற பெரியம்மா யாரும் அந்தப் பெண்ணோடு குடும்பம் நடத்தப் போவதில்லை.

சரி, சபை. கன்வென்ஷன் பந்தலில் மைக் பிடித்தவர் சொன்னதுதான் கிறிஸ்தவம் என்றில்லை. உங்கள் வேதாகமத்தையே எடுத்துப் பாருங்களேன்: உபாகமம் 23-இல் அண்ணகன், அதாவது விதையடிக்கப்பட்டவன், சபைக்குள்ளேயே வரக்கூடாது, ஏசாயா 56-இல் அதே அண்ணகனுக்கு ஆண்டவர் தம் ஆலயத்திலேயே இடம் கொடுக்கிறார், அப்போஸ்தலர் 8-இல் பிலிப்பு எத்தியோப்பிய மந்திரியான ஒரு அண்ணகனுக்கு வழியோரத் தண்ணீரில் ஞானஸ்நானமே கொடுத்துவிடுகிறார். அண்ணகனும் நீங்களும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. வாசலில் நிறுத்தப்பட்டவனை உள்ளே அழைத்த கதை அந்தப் புத்தகத்திலேயே இருக்கிறது, அதைப் பிரசங்கிக்கத்தான் ஆள் குறைவு. சி.எஸ்.ஐ.யும் உறுப்பாக இருக்கிற இந்திய தேசிய திருச்சபைகள் கவுன்சில் பாலின, பாலியல் சிறுபான்மையினர் பற்றிச் சபைகளோடு பேசி வருகிறது. சிங்கப்பூரில் ஃப்ரீ கம்யூனிட்டி சர்ச் உங்களைப் போன்றவர்களை வெளிப்படையாகவே சேர்த்துக்கொள்கிறது.

அதற்காக நாளைக்கே பாஸ்டரேட் ஐயாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிடாதீர்கள். முதலில் பொதுவாகக் கேட்டுப் பாருங்கள், "என் நண்பன் ஒருவன் இப்படி இருக்கிறான், அவனைத் திருவிருந்துக்கு அழைத்து வரலாமா ஐயா?" என்று. யார் அந்த நண்பன் என்று துருவினால் பேச்சை மாற்றிவிடுங்கள். அவன் எப்படி இருக்கிறான், சாப்பிடுகிறானா தூங்குகிறானா என்று கேட்டால், அவரிடம் இன்னொரு நாள் உட்காரலாம்.

உங்களுக்கு உடனே வேண்டியது உண்மை தெரிந்த இரண்டு மூன்று பேர். ட்ராய் பெரி என்று ஒரு பெந்தெகோஸ்தே போதகர், கே என்பதால் சபை வெளியே தள்ளியது, தற்கொலைக்கு முயன்று பிழைத்தார். 1968-இல் லாஸ் ஏஞ்சலீஸ் பக்கம் தன் வீட்டு ஹாலில் ஆராதனை வைத்தார், வந்தது 12 பேர். பல நாடுகளில் இருக்கிற மெட்ரோபாலிட்டன் கம்யூனிட்டி சர்ச் அந்த ஹாலில் தொடங்கியதுதான். நீங்கள் சபை எல்லாம் தொடங்க வேண்டாம், கொயரில் நம்பகமான ஒரு அக்காவோ அண்ணனோ கிடைத்தாலே மூச்சு விடலாம். பாட்டு உங்களைத் தாங்குகிறவரை பாடுங்கள், மனசில்லாத இடத்தில் ஆமென் மட்டும் வேண்டாம். ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் 14416-க்குப் போன் செய்யுங்கள், டெலி மானஸ், இலவசம், தமிழில் பேசுவார்கள்.

கேள்வி: என் மகன் தான் கே என்று என்னிடம் சொல்லிவிட்டான். நான் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் செயலாளர். சபைக்குத் தெரிந்தால் என்ன செய்வது?
- ஒரு தாய், நாகர்கோவில்

பதில்: அம்மா, உங்களிடம் சொல்லியிருக்கிறான் பாருங்கள், அதுவே பெரிய விஷயம். சபைக்குச் சொல்வதா வேண்டாமா என்பது அவன் பாடு. பதவி போனால் போகட்டும், ஞாயிற்றுக்கிழமை எப்போதும்போல அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், தயவுசெய்து வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அவன் பெயரை ஜெபக் குறிப்பாகக் கொடுத்துவிடாதீர்கள், பெனடிக்‌ஷன் முடிவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.