விமர்சகர்கள் வாக்களிக்கும் விருதும் ஆஸ்கரும் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன?

வாக்களிப்பது யார் என்பதில்தான் பாதி பதில் இருக்கிறது. ஆஸ்கருக்கு வாக்களிப்பவர்கள் படம் எடுப்பவர்கள், அதாவது நடிகர், ஒளிப்பதிவாளர், ஒப்பனைக் கலைஞர் என்று 9,000 பேருக்கும் மேல். அமெரிக்காவின் தேசியத் திரைப்பட விமர்சகர்கள் சங்கத்தை (1966இல் தொடங்கியது) எடுத்துக்கொண்டால் வெறும் அறுபது பேர் அளவுதான், எல்லாரும் படம் பார்த்து எழுதுவதையே பிழைப்பாகக் கொண்டவர்கள்.

மீதிப் பாதி, எண்ணும் முறை. இந்தச் சங்கத்தில் ஒவ்வொருவரும் மூன்று பெயர் எழுத வேண்டும், முதலாவதற்கு 3 புள்ளி, அடுத்ததற்கு 2, கடைசிக்கு 1. ஆனால் அதிகப் புள்ளி வாங்கினால் மட்டும் போதாது, போதுமான வாக்குச் சீட்டுகளில் அந்தப் பெயர் இருக்கவும் வேண்டும், இல்லையென்றால் மறுபடி ஒரு சுற்று. அப்புறம், யார் எத்தனை புள்ளியில் தோற்றார் என்பதையும் வெளியிட்டுவிடுவார்கள்; ஆஸ்கர் இதைச் சொல்லவே சொல்லாது, எனக்கு அது எரிச்சல்தான்.

ஆஸ்கரின் சிறந்த படத் தேர்வில் எல்லாப் படங்களையும் வரிசைப்படுத்தச் சொல்கிறார்கள். கடைசியில் இருக்கும் படத்தை நீக்கி, அதன் வாக்கை அடுத்த விருப்பத்துக்கு மாற்றிக்கொண்டே போவார்கள். அதனால் பலருக்கும் ஓரளவு பிடித்த படத்துக்கு வாய்ப்பு கூடும். 2010இல் 'தி சோஷியல் நெட்வொர்க்' நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ், தேசியச் சங்கம் என்று மூன்று விமர்சகர் அமைப்புகளிலும் வென்றது, ஆஸ்கரோ 'தி கிங்ஸ் ஸ்பீச்' படத்துக்குப் போனது. 1941இலும் இதே கதைதான்: நியூயார்க் விமர்சகர்கள் 'சிட்டிசன் கேன்' படத்தைத் தேர்ந்தெடுத்தார்கள், ஆஸ்கர் தேர்ந்தெடுக்கவில்லை.